சோறு உள்ளே போகலாம்

மத்தியான ஷிப்டுக்கு முதல் சங்கு ஊதியாகிவிட்டது. இனி ரெண்டாவது சங்குதான், அதோடு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் மச்சான் வந்துவிடக் கூடாது, வந்துவிடவும் வேண்டும், ஒரே வாயால் ரெண்டையும் வேண்டிக்கொண்டால் எந்தச் சாமி காது கொடுக்கும், அதனால் வேண்டாமல் இருப்பதே மேல் என்று இந்தப் புங்கமரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினால் கண்ணுக்குள்ளும் அந்த ரோடுதான் கிடக்கிறது. மில் கேட்டிலிருந்து நேராகப் போய், சுண்ணாம்புக் காளவாய்க்கிட்டே திரும்புகிற ரோடு. அந்தத் திருப்பத்தில் யார் தலை தெரிந்தாலும் நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்க்கிறேன். இப்போது வந்தது ஒரு கிழவி, தலையில் புல்லுக்கட்டு. அதற்கு முன்னால் வந்தது ஒரு கழுதை. கழுதையைப் பார்த்துமா பயப்படுவது, ஆறுக்குட்டி, உனக்கு வெட்கமாக இல்லையா. இல்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களெல்லாம் நிரந்தரம், கேட்டைப் பார்க்காமலே கேட்டுக்குள் போகத் தெரிந்தவர்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். நாங்கள் பதிலிகள். யாராவது வராமல் போனால் அவர் இடத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று தினமும் குளித்து, சோறு கட்டிக்கொண்டு வந்து இந்த மரத்தடியில் உட்காருகிறவர்கள். வேலை செய்து வருகிற அலுப்பு தூங்கினால் போய்விடும். வேலைக்குக் காத்திருக்கிற அலுப்பு தூங்கி எழுந்தாலும் அப்படியே கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வர வேண்டும், ஒருத்தன் வீட்டில் எழவு விழ வேண்டும், அப்போதுதான் எங்கள் வீட்டில் உலை வைக்கலாம். மாரியம்மன் நோன்பு வந்தால் ஊரெல்லாம் நல்லா இருக்கட்டும் என்று மற்றவர்கள் கும்பிடுவார்கள், நான் கையை மட்டும் கூப்பிக்கொண்டு நிற்பேன்.

மரத்தடி வேரோரம் சோற்றுப் போசிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பித்தளை, அலுமினியம், மூடி நசுங்கினது, பிடி போய்க் கம்பி கட்டினது. என்னுடையது மட்டும் இல்லை. இத்தனை வருசத்தில் சோற்றுப் போசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது இன்றைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சென்னியப்பன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவனும் என்னைப் போலப் பழைய பதிலி, பல்லுக்குள் எப்போதும் ஒரு குச்சி. "ஏனுங்க, போசியக் காணோம்" என்றான். மறந்துவிட்டேன் என்றேன். "சோத்த மறந்துபோட்டு வந்தீங்களா. அப்ப ஏதோ பெரிய ரோசனைல வந்திருக்கறீங்க" என்று குச்சியை மறுபக்கம் மாற்றிக்கொண்டான். அவன் சும்மாதான் சொன்னான். சும்மா சொன்னானா? போசி எங்களுக்கு லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. கூப்பிடாத நாளில் நாங்கள் போசியை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பசி இல்லாவிட்டால் நாய்க்குக் கொட்டிவிட்டு, கேட் ஓரக் குழாயில் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு, பொழுது சாய்கிறவரை குளத்து மேட்டில் எங்காவது சுற்றிவிட்டுத்தான் திரும்புவோம். கனத்த போசி ஆடாது, காலிப் போசி ஆடும். தெருவில் பெண்டுகள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் தெய்வாத்தாளுக்குத் தெரியும், நான் ஷிப்டு முடிவதற்கு முன்னாலேயே வந்தால் வேலை கிடைக்கவில்லை என்று. ஆனாலும் காலிப் போசியை வாங்கி வைத்துக்கொண்டு, "சாப்புட்டீங்களா" என்று மட்டும் கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அந்த ஒரு பேச்சில்தான் எங்கள் குடும்பமே நின்றுகொண்டிருக்கிறது. இப்போது அவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். அதுவும் சேர்ந்துகொண்டுதான் என் காலை வேறு ரோட்டில் மிதிக்க வைத்தது என்று சொல்லலாம். சொல்லிக்கொள்ளலாம். பிறக்காத பிள்ளை மேல் பழியைப் போட்டால் அது என்ன எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறது.

சனிக்கிழமை மேஸ்திரி தாமோதரன்தான் இதை ஆரம்பித்து வைத்தார். டீக்கடையில் பாய்லர் மறைவில் என்னைக் கூப்பிட்டு, கிளாசைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க மச்சான் இனி ஒருக்கா லீவு போட்டா பேரை எடுத்துருவாங்க. ஆபீசுல முடிவாயிருச்சு. அந்த எடத்துக்கு உங்க பேரத்தான் சொல்லி வச்சிருக்கறேன்" என்றார். நான், ஐயோ மச்சானுக்கா என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது. நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது, அது இன்னொரு ஆள். டீ ஆறும்வரை அந்த ஆளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் என்றால் தெய்வாத்தாளுக்கு அண்ணன், வெள்ளிங்கிரி. கிணறு வற்றி, காடு கரைந்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்ற என்னை இந்த ஊருக்குக் கூட்டிவந்து, மேஸ்திரி முன்னால் நிறுத்தி, இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவர். அவருக்குக் கார்டிங்கில் வேலை, பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற இடம். அங்கே காற்றே வெள்ளையாக இருக்கும். மிஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கையால்தான். எனக்கு அந்தக் கைப்பேச்சைச் சொல்லிக் கொடுத்தது அவர். தொண்டையைத் தொட்டால் தண்ணி. காதை இழுத்தால் மேஸ்திரி வருகிறார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால், கொஞ்சநேரம் என் மிஷினைப் பார்த்துக்கொள். அந்தக் கடைசியைத்தான் இப்போதெல்லாம் அடிக்கடி காட்டுகிறார். காட்டிவிட்டுப் போய்ச் சுவர் ஓரம் குனிந்து நிற்பார், வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையில் ஒட்டின பஞ்சு இறங்கட்டும் என்று. வெல்லத்துக்கு இறங்குகிற பஞ்சா அது. நெஞ்சுக்குள் திண்டு கட்டிவிட்டது.

இன்றைக்குத் திங்கள்கிழமை. அதுதான் இதில் பெரிய கொடுமை. ஞாயிறு ஒருநாள் மில் இல்லாமல் நல்ல காற்றைக் குடித்துவிட்டால் திங்களன்று மறுபடி மூச்சு முட்டும், கார்டிங்காரர்கள் எல்லாருக்குமே அப்படி, மச்சானுக்கு ரொம்ப. திங்களில் அவரால் நாலு வீடு தாண்டி நடக்க முடியாது. அதற்காகத்தான் அவர் சைக்கிளை என்னிடம் கொடுத்தார். "நீங்க மிதிங்க மாப்ள, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றார். ஏதோ நான் அவருக்கு உபகாரம் செய்கிறேன் என்பதைப் போல, சைக்கிள் வாங்க வக்கில்லாதவனுக்கு அது குறையாகத் தெரியக் கூடாது என்று. கேரியரில் அவர் உட்கார ஒரு கோணிச்சாக்கை மடித்துக் கட்டியிருக்கிறேன். அதோ மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது சைக்கிள். சாக்கும் இருக்கிறது. சாக்கில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளமும் இருக்கிறது. வேறு பக்கம் நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினாலும் நான் பார்க்கத்தான் பார்ப்பேன்.

மத்தியானம் என்னதான் நடந்தது. குளித்துவிட்டு வந்தேன், தெய்வாத்தாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், மோர் இன்னும் ஊற்றவில்லை. "நேரமாச்சு, உங்கண்ணன் காத்துக்கிட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நேரமே ஆகவில்லை. சீக்கிரம் கிளம்பினால் மச்சான் வாசலுக்கு வருமுன்னே அவர் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று எந்த இடத்தில் எனக்குள் முடிவானது, அதைத்தான் பிடிக்க முடியவில்லை. சோப்புப் போடும்போதா. வேட்டியை உதறும்போதா. பிள்ளையார் கோயில் முக்கில் ரோடு ரெண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் மச்சான் வீடு, முருங்கை மரத்தடியில் போசியை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருப்பார். வலது பக்கம் நேரே மில். நான் திருப்பவில்லை, ஹேண்டில்பார்தான் திரும்பியது என்று சொன்னால் என் பெண்டாட்டிகூட நம்பமாட்டாள். திரும்பின பிறகு மிதித்தேன் பார், என்ன மிதி. பின்னால் ஆள் இல்லாத வண்டி அவ்வளவு லேசாகப் போகும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். காளவாய் மேட்டில் ஏறும்போது எதிர்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது, இருபது வயசுப் பையன் போல எழுந்து நின்று மிதித்தேன். கேட்டில் இறங்கி, வழக்கம்போல் போசியை எடுக்க ஹேண்டில்பாருக்குக் கை போனது. அங்கே ஒன்றுமில்லை.

மணி என்ன இருக்கும். அவர் கேட்டால் பஞ்சர் என்று சொல்லிவிடலாம். பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன், உங்களைக் கூட்டிக்கொண்டு வர நேரமில்லை. நல்ல பொய், இதைவிட நல்ல பொய் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பஞ்சரானவன் மச்சான் வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே தள்ளவேண்டும். சரி, அதை அப்புறம் பார்க்கலாம். இப்போது அவர் என்ன செய்துகொண்டிருப்பார். இன்னும் கல்லில் உட்கார்ந்திருப்பார், மாப்பிள்ளை வருவார் என்று. கோபப்படமாட்டார், அதுதான் தொந்தரவு, கோபப்படுகிற ஆளாக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். வீட்டுக்குள் போய்ப் படுத்திருப்பார். படுத்துவிட்டார் என்றால் எல்லாம் முடிந்தது, நல்லதாகவே முடிந்தது, அந்த மிஷின்கிட்டே போகாமல் இருந்தாலே அவர் இன்னும் கொஞ்சகாலம் உயிரோடு இருப்பார், ஒரு வகையில் நான் அவருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். அடடா. எங்கே போய் நிற்கிறது பார் இந்தப் புத்தி. அவருக்கு மூன்று பெண்கள். அந்த நல்லதைப் போட்டு அவர்கள் உலை வைப்பார்களா. இல்லை, நடந்து கிளம்பியிருந்தால்? திங்கள்கிழமை, இந்த வெயிலில், காளவாய் மேட்டில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து, யாராவது வந்து, ஏனுங்க ஆறுக்குட்டி உங்க மச்சான் என்று. வேண்டாம். வரட்டும், வந்துவிடட்டும், உள்ளே போகட்டும். நான் இன்னும் எத்தனை வருசம் வேண்டுமானாலும் இந்த வேரில் உட்கார்ந்துகொள்கிறேன். யாரோ வருகிறார்கள். வெள்ளைச் சட்டை. நடை கொஞ்சம் சாய்ந்த மாதிரி. அவர்தானா. இல்லை, தபால்காரர். எனக்கு வந்தது நிம்மதி. எதற்கு நிம்மதி என்று என்னையே கேட்கப் பயமாக இருந்தது.

ரெண்டாவது சங்கு ஊதியது. எங்கள் மில் சங்கு அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே ஏறி நிற்கும், இது என்றைக்கும் ஊதுகிற சங்குதான், இன்றைக்கு முடிவேனா என்கிறது. வாட்ச்மேன் காளப்பன் பெரிய கேட்டை இழுத்துச் சாத்தினார். சங்கிலி. பூட்டு. இனி அந்தக் கேட்டில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு ஒன்றுதான், அதுவும் பதிலிகளுக்கும் சோற்றுக்கும். தாமதமாக வந்த நிரந்தரக்காரனை மட்டும் விடக் கூடாது என்பது இந்த மில்லின் சட்டம். வீட்டுக்காரிகள் போசி கொண்டுவந்தால் காளப்பன் கதவைத் திறந்து வாங்கி வைப்பார். "சோறு உள்ள போலாம், ஆளு போவக்கூடாது" என்று அவர் சொல்லும்போது நாங்களெல்லாம் சிரிப்போம். பதிலிகள் எழுந்து கேட்டுக்கிட்டே போய் நின்றோம். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, முகத்தில் அக்கறையே இல்லாத மாதிரி, கல்யாணத்தில் பந்திக்கு நிற்கிற பசிக்காரர்கள் மாதிரி. உள்ளே பலகையில் யாரும் எடுக்காமல் தொங்குகிற பித்தளை வில்லைகளைப் பொறுக்கிக்கொண்டு மேஸ்திரி வந்தார். எடுக்காத வில்லை என்றால் வராத ஆள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஸ்பின்னிங்குக்கு ஒருத்தன் போனான். ப்ளோ ரூமுக்கு ஒருத்தன். சென்னியப்பனைக் கூப்பிடவில்லை, அவன் குச்சியைத் துப்பினான். "கார்டிங், ஆறுக்குட்டி" என்றார் மேஸ்திரி. என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், சொன்னேனல்லவா என்கிற தலையாட்டல். குனிந்து உள்ளே போனேன். வில்லையைக் கையில் வைத்தார். மச்சான் வில்லை. அதன் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு உண்டு, இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்க அவரே ரம்பத்தால் போட்டுக்கொண்டது. என் கட்டைவிரல் அந்த வெட்டில் போய் உட்கார்ந்தது. நாளைக்கு ஒரு காலத்தில் என் பேரனோ கொள்ளுப்பேரனோ, எங்க பாட்டன் மில்லில் நிரந்தரமாக வேலை பார்த்தவர், அதில்தான் நாங்கள் படித்து ஆளானோம் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வான். எப்படி நிரந்தரமானார் என்று அவனுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப் போவதில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் நம்மவர்கள் பரம்பரைக் கௌரவம் என்கிறார்கள் போல.

"சங்கு ஊதியாச்சுங்களே" என்று காளப்பன் பின்னால் யாரிடமோ சொல்வது கேட்டது. "தெரியுமுங்க" என்ற குரலுக்கு நான் திரும்பினேன். திரும்பாமல் இருந்திருக்கலாம். சின்னக் கதவுக்கு வெளியே மச்சான் நின்றார். சட்டை முழுக்க நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம். ஒரு கையில் அவர் போசி, இன்னொரு கையில் என் போசி. "சோறு மட்டும் குடுத்துட்டுப் போறேனுங்க" என்றார் காளப்பனிடம். காளப்பன் ஒதுங்கினார். மச்சான் என் போசியை நீட்டினார், மோர் சிந்தக் கூடாது என்று நிமிர்த்திப் பிடித்து. ஒரு கையில் வில்லை. மறு கையால் வாங்கினேன். "சோத்த உட்டுப்போட்டு வந்துட்டீங்களே மாப்ள" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு. "ரொம்ப நேரம் பாத்தேன். உங்களுக்குத்தான் ஏதோ ஆகிப்போச்சோன்னு வீட்டுக்குப் போனேன். தெய்வா அழுவுது. வழியில எங்காச்சும் உழுந்து கெடக்கறீங்களோன்னு, குளத்து மேடு சுத்தி வந்தேன். அதான் நேரமாயிப்போச்சு." குளத்து மேடு சுற்றி. திங்கள்கிழமை. என்னைத் தேடிக்கொண்டு. நான் வாயைத் திறந்தேன். மேஸ்திரி, இவர் வந்துவிட்டார், இவரை விடுங்கள், நான் வெளியே போகிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும், கதவு திறந்துதான் இருக்கிறது, மேஸ்திரி நாலடி தள்ளித்தான் நிற்கிறார். என் வாயிலிருந்து வந்தது, "பஞ்சருங்க மச்சான். தள்ளிக்கிட்டே வந்தேனுங்க." அவர் தலையாட்டினார். "அப்பிடித்தான் நெனச்சேன்" என்றார். என் கையிலிருந்த வில்லையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். வலியில் பிடித்துக்கொண்டாரா, மிஷினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. காளப்பன் கதவைச் சாத்தினார்.

போக வேண்டும். மேஸ்திரி கூப்பிடுகிறார், கார்டிங் ஓட ஆரம்பித்துவிட்டது, தரையில் அதன் அதிர்வு காலுக்குக் கீழே தெரிகிறது. ஆனால் கேட்டுக் கம்பிக்கு நடுவே மரம் தெரிகிறது. மச்சான் மரத்தடிக்குப் போனார். போசியை வேரில் வைத்தார். சைக்கிள்கிட்டே போய் நின்று, பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் முன் சக்கரத்தை. மறுபடி பின் சக்கரத்தை, மெதுவாக, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. கல்லாக இருக்கும், காலையில்தான் நான் காற்றடித்தேன். இந்தப் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்க்கவில்லை. கேரியரில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து உதறி, சென்னியப்பன் பக்கத்தில் தரையில் விரித்து உட்கார்ந்தார். தன் போசியை எடுத்து மடியில் வைத்து மூடியைத் திறந்தார். முழுப் போசியோடு தெருவில் நடக்க அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, விழுங்க முடியாமல், வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார்.